தனியாக 200 கிலோமீட்டர்: ஓசூர்ச் சுற்றா, திருவண்ணாமலைப் பயணமா?

பாலக்கோட்டுப் பக்கம் ஆசிரியராக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, தனியா சைக்கிள்ல ஒரு 200 கிலோமீட்டர் போய்ப் பார்க்கணும்னு ஆசை. என் சராசரி மணிக்கு 22 கிலோமீட்டர். அப்படின்னா ஒன்பது மணி நேரத்துல முடிஞ்சிடும், இல்லீங்களா?" என்றார். அவர் மனத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தருமபுரியிலிருந்து அரூர் வழியாகத் திருவண்ணாமலை சென்று அதே வழியில் திரும்புவது. மற்றொன்று, ராயக்கோட்டை வழியாக ஓசூர் ஏறி, கிருஷ்ணகிரி வழியாக இறங்கி வருவது. எது நல்லது, என்ன வேகத்தைக் கணக்கில் வைக்கலாம் என்பதே அவர் கேட்க வந்தது. சாலையோரத்தில் நின்றபடி அவருக்குச் சொன்ன விடை அரைகுறையாகப் போய்விட்டதால், அதை முழுமையாக இங்கே எழுதுகிறேன். இரண்டு சாலைகளிலும் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டி வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் திட்டவட்டமான கருத்து உண்டு.

வழியைப் பேசுவதற்கு முன்னால் அந்த 22 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து நண்பர்களோடு 50, 60 கிலோமீட்டர் போய்வரும்போது அவருடைய கைப்பேசிச் செயலி காட்டும் எண். அந்தச் செயலி, சக்கரம் நின்றவுடன் தன் கடிகாரத்தையும் நிறுத்திக்கொள்ளும். டீக்கடையில் அமர்ந்த கால் மணி நேரமும், ரயில்வே கேட்டில் காத்திருந்த ஏழு நிமிடமும், செயின் கழன்று மாட்டிய மூன்று நிமிடமும் அதில் வருவதில்லை. ஓடிய நேரத்தை மட்டும் வைத்துப் பார்க்கும் இந்தச் சராசரி, கால்களின் திறனை அறிய உதவும். ஆனால் வெயில் ஏறுவதும் பொழுது சாய்வதும் வீட்டில் காத்திருப்பவர் கவலைப்படுவதும் சுவர்க் கடிகாரத்தின்படி நடப்பவை. புறப்பட்ட நேரம் முதல் வந்து சேர்ந்த நேரம் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்தச் சராசரியைத்தான் நெடுந்தொலைவுப் பயணத்தின் திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஓடும்போது 22 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒருவர் 200 கிலோமீட்டரில் மொத்தம் இரண்டரை மணி நேரம் நின்றால், அவருக்கு 11 மணி 35 நிமிடம் ஆகிறது. மொத்தச் சராசரி 17.3. ஓடும்போது 20 கி.மீ. மட்டுமே செல்லும் இன்னொருவர் நிற்கும் நேரத்தை 1 மணி 20 நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டால், 11 மணி 20 நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். மெதுவாக மிதித்தவர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து சேருகிறார். தனியாகச் செல்பவருக்கு இது எளிதில் கைவரக்கூடிய வழி, ஏனென்றால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, யாரும் "இன்னொரு டீ" என்று அமர வைக்கப்போவதில்லை.

நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தில் உலக அளவில் பின்பற்றப்படும் அளவுகோல்களும் மொத்த நேரத்தையே பார்க்கின்றன. பாரிஸ் நகரின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் சங்கம் வகுத்த விதிகளின்படி நடக்கும், பிஆர்எம் எனப்படும் நேர வரம்புள்ள நெடுந்தொலைவுப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் வரம்பு. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. என்ற மொத்தச் சராசரியைக் காப்பாற்றினால் போதும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம் தருகிறார்கள். அது 13 கி.மீ.-ஐச் சற்றே தாண்டும் சராசரி. பல ஆண்டுகள் பழகியவர்கள் கலந்துகொள்ளும் பயணத்திலேயே வரம்பு இப்படி இருக்கும்போது, முதன்முறையாக 200 கிலோமீட்டர் செல்லும் ஒருவர் 16 அல்லது 17 என்ற மொத்தச் சராசரியைப் பார்த்துச் சிறுமைப்பட எந்தக் காரணமும் இல்லை. தொலைக்காட்சியில் பார்க்கும் டூர் டி பிரான்ஸ் வீரர்களின் 40-ஐத் தாண்டிய சராசரி, பெருங்கூட்டத்தின் காற்று மறைவில், மூடப்பட்ட சாலையில், பின்னால் வரும் வண்டியில் மாற்றுச் சக்கரத்தோடு கிடைப்பது. அதை நம் சாலைகளோடு சேர்த்துப் பேசவே வேண்டாம்.

இனி, வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று பார்க்கலாம். சமதரையில் சைக்கிளைத் தடுப்பவை இரண்டு: டயர் உருளும்போது ஏற்படும் தடையும் காற்றுத் தடையும். முதலாவது வேகத்தால் பெரிதும் மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிப்படி வளர்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, ஹைபிரிட் (நேரான கைப்பிடியும் நடுத்தர டயரும் கொண்ட) வண்டியில் சற்றுக் குனிந்த உடல்நிலை என்று வைத்து நான் போட்ட கணக்கில், காற்றில்லாத சமதரையில் 20 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 68 வாட், 22-க்கு 84 வாட், 25-க்கு 113 வாட், 30-க்கு 176 வாட் தேவைப்படுகிறது. 22-இலிருந்து 25-க்குச் செல்லும்போது வேகம் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. உழைப்போ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. காலை இளங்குளிரில் இந்தக் கூடுதல் உழைப்பு தெரியவே தெரியாது. பிற்பகல் 2 மணிக்கு, தொடைத் தசை இழுத்துப் பிடிக்கும்போது தெரியும்.

நண்பர்களோடு சேர்ந்து ஓட்டும்போது கிடைத்த எண்ணைத் தனிப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. முன்னால் செல்பவரின் சக்கரத்துக்கு அருகில் ஒட்டிச் செல்லும்போது காற்றுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையலாம். தனியாக 25-இல் செல்லும் உழைப்பைக் கொண்டே அந்த மறைவில் 28-இல் செல்ல முடியும். தம்பியின் 22-ஐ இந்தக் கோணத்தில் பார்த்தால், தனியாகச் செல்லும்போது அது 20-க்குச் சற்று மேலே நிற்கும் என்றே நான் மதிப்பிடுகிறேன். இதைக் கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. அவருடைய கால்களில் எந்தக் குறையும் இல்லை. அளந்த சூழல்தான் வேறு.

வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் இரண்டு கணக்குகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது, எதிர்காற்று. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் காற்று எதிரே வீசினால், 20-இல் செல்வதற்கு ஏறத்தாழ 117 வாட் தேவை. காற்றில்லாத நாளில் 25-இல் செல்வதற்கு ஆகும் உழைப்பைவிட இது சற்று அதிகம். 10 கி.மீ. காற்று என்பது மர இலைகள் அசையும் அளவுக்கான மென்காற்றுதான். இரண்டாவது, ஏற்றம். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையைக் கண்ணால் பார்த்து ஏற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சமதரையில் 100 வாட் உழைப்பில் ஏறத்தாழ 24-இல் ஓடும் அதே வண்டி, அந்தச் சாலையில் 18-க்கு இறங்கிவிடும். "இன்றைக்கு ஏனோ கால் வரவில்லை" என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல நாள்களில் உண்மையில் நடந்தது இந்த இரண்டில் ஒன்றுதான்.

இழந்த நேரத்தை இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் கணக்கில் நிற்பதில்லை. 10 கிலோமீட்டர் ஏற்றத்தை 10 கி.மீ. வேகத்திலும், அதே தூர இறக்கத்தை 40 கி.மீ. வேகத்திலும் கடந்தால் சராசரி 25 ஆகாது. ஏற ஒரு மணி நேரம், இறங்கக் கால் மணி நேரம், ஆக 20 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம், சராசரி 16. மெதுவாகச் செல்லும் பகுதியில் நாம் அதிக நேரம் இருப்பதால், சராசரியும் அந்தப் பக்கமே சாய்கிறது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் தம்பியிடம் இருப்பது ஹைபிரிட், அதை மாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஒரே உழைப்பில், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக், நிமிர்ந்து அமரும் ஹைபிரிட்டைவிடச் சமதரையில் 3 முதல் 4 கி.மீ. வரை வேகமாகச் செல்லக்கூடும். ஏற்றத்தில் அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும். கட்டைப் பூக்கள் கொண்ட எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டயரை மாட்டியிருப்பவர்கள் அதற்குப் பதிலாக வழுவழுப்பான டயர் போட்டுக்கொண்டாலே செலவு குறைவாக ஒரு நல்ல மாற்றம் கிடைக்கும். காற்றை அழுத்திப் பார்த்து மதிப்பிடாமல், அளவி வைத்த பம்பால் நிரப்ப வேண்டும்.

இப்போது திருவண்ணாமலை வழிக்கு வருகிறேன். தருமபுரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலை ஏறத்தாழ 170 மீட்டரில். அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு என்று செல்லும் இந்த 105 கிலோமீட்டர்ச் சாலை, நடுவே ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும், மொத்தத்தில் 300 மீட்டர் கீழே இறங்குகிறது. விடியற்காலையில் புறப்பட்டால் வண்டி தானாக ஓடுவதுபோல் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று முதுகைத் தள்ளவும் செய்யும். செயலியில் 24, 25 என்று எண்கள் வரும், மனம் குதூகலிக்கும், "இவ்வளவு நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன" என்று தோன்றும். காலை பத்து மணிக்கு முன்னால் அண்ணாமலையார் கோயில் கோபுரம் கண்ணில் படும்.

பிறகு திரும்ப வேண்டும். போகும்போது உதவிய ஒவ்வொன்றும் வரும்போது எதிரியாகிறது. 300 மீட்டர் ஏற வேண்டும், அதுவும் ஏறுவதே தெரியாத சாலையில். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்ன காற்று, நேராக முகத்தில் அடிக்கும். உச்சி வெயிலில், பாதி வலு போன கால்களோடு இதைச் சந்திக்க வேண்டும். போகும்போது 24, வரும்போது 17 என்று வைத்துக்கொண்டால், போக 4 மணி 22 நிமிடம், வர 6 மணி 11 நிமிடம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு. 24-க்கும் 17-க்கும் நடுவே 20.5 என்று நினைத்தவருக்குக் கிடைப்பது 19.9. எண்ணின் இழப்பு சிறிதுதான். மனத்தின் இழப்பு பெரிது: பயணத்தின் பிற்பகுதி முழுவதும் செயலியில் சராசரி நிமிடத்துக்கு நிமிடம் தேய்வதைப் பார்த்துக்கொண்டே தனியாக ஓட்ட வேண்டும். முதல் 200-இல் பாதியில் பஸ் ஏறியவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களில் பலர் இப்படி ஏமாற்றும் முற்பாதியில் அதிகம் செலவழித்தவர்களே.

ஓசூர்ச் சுற்று இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அண்மை ஆண்டுகளில் நான்குவழியாக விரிந்திருக்கிறது. தருமபுரியிலிருந்து ஓசூருக்கு இந்த வழியில் ஏறத்தாழ 88 கிலோமீட்டர். ஓசூர் 890 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நிகர ஏற்றம் மட்டும் 420 மீட்டர். 85 கிலோவை 420 மீட்டர் உயர்த்துவது, 100 வாட் திறனில் உழைக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் முழு உழைப்பு. அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் போய்விடுவதில்லை. ஓசூரில் சேமிப்பாக இருக்கிறது, சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்திலிருந்து தவணை தவணையாகத் திரும்பக் கிடைக்கிறது.

இந்த வழியில் ஓசூர் சேரும்போது செயலி 17.5 என்றோ அதற்கும் குறைவாகவோ காட்டும். எனக்கு முதல்முறை காட்டியது 17.1. தளி சாலைப் பிரிவுக்கு அருகே வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்த எண்ணைப் பார்த்தபடி, இனி மீதித் தூரத்தை எப்படி முடிப்பது என்று கலங்கி நின்றது நினைவிருக்கிறது. கலங்கியிருக்கவே வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி வரையான 97 கிலோமீட்டரில் 24 என்ற வேகம் அதே உழைப்பில் கிடைத்தது. ஏறும்போது 5 மணி 9 நிமிடமும் இறங்கும்போது 4 மணி 2 நிமிடமும் ஆக, 185 கிலோமீட்டரின் சராசரி 20.1. தருமபுரி வந்தபின் அதியமான்கோட்டை வரை சென்று திரும்பினால் மீதி 15 கிலோமீட்டரும் நிறைந்துவிடும். இரண்டு வழிகளின் முடிவான எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒன்றில் சராசரி தேய்ந்துகொண்டே வருகிறது, மற்றொன்றில் வளர்ந்துகொண்டே வருகிறது. தனியாக இருப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்ற பொது விதியின்படி, ஓசூர் தருமபுரியைவிட இரண்டரை டிகிரிக்கு மேல் குளிர்ச்சி; திருவண்ணாமலையோ தருமபுரியைவிட இரண்டு டிகிரி சூடு. நண்பகலில் நாம் நிற்கப்போகும் இரண்டு இடங்களுக்கும் இடையே நான்கரை டிகிரியை ஒட்டிய வேறுபாடு இருக்கும். வெயில் ஏறும் நேரத்தில் ஓசூரின் காற்றில் ஓய்வெடுத்துவிட்டு, இறக்கத்தில் காற்றோட்டத்தோடு வருவதும், அதே நேரத்தில் தண்டராம்பட்டுக்கு அப்பால் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருப்பதும் உடலுக்கு ஒன்றல்ல.

ஓசூர்ச் சுற்றுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் மறைக்காமல் சொல்கிறேன். திரும்பும் பாதி முழுவதும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் லாரிப் போக்குவரத்து இரவும் பகலும் ஓயாதது. மேலுமலை இறக்கத்தில் வண்டி எளிதில் 45-ஐத் தொடும். அங்கே பிரேக்கை விட்டுவிட்டு ஓட்டுவது தவறு. பக்கவாட்டில் லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறமாகவே இருக்க வேண்டும். எதிர்த்திசையில் வரும் டூவீலர்களை எந்த நேரமும் எதிர்பார்க்க வேண்டும். காற்று மறைவுக்காக லாரிக்குப் பின்னால் ஒட்டுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. சுற்றை எதிர்த்திசையில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் மேலுமலை ஏற்றத்தில் 10, 12 கி.மீ. வேகத்தில், லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, நீண்ட நேரம் ஊர்ந்துகொண்டிருக்க நேரும். அகலமான சாலையோரத்தில் கவனமாக இறங்கி அந்தப் பகுதியை விரைவில் கடப்பதே மேல் என்பது என் அனுபவம்.

நெடுஞ்சாலையின் இன்னொரு தொல்லை, வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் கம்பி இழைகள். தலைமுடியைவிடச் சற்றே தடிமனான எஃகுத் துண்டு, அரை அங்குலம்கூட இருக்காது. ஒருமுறை காவேரிப்பட்டணத்துக்கு முன்னால் பின்சக்கரத்தில் காற்று மெல்ல இறங்கியது. டியூபை மாற்றிக் காற்றடித்து மூன்று கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் இறங்கியது. இரண்டாம் முறை டயரைக் கழற்றி, அதன் உட்புறத்தில் துணியை வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தபோது ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டியது. அங்கே விரல் நுனியால் தடவினால் மட்டும் தெரியக்கூடிய ஒரு கூர். வெளிப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. மூக்குமுடி பிடுங்கும் சிறு சாமணம் பையில் இருந்ததால் பிடுங்க முடிந்தது. இரண்டு முறையும் சேர்த்து 34 நிமிடம் போயிற்று. செயலியின் சராசரியோ அணுவளவும் அசையவில்லை, ஏனென்றால் வண்டி நின்றிருந்தது. அன்றிலிருந்து இரண்டு டியூப், ஒட்டும் பொருள்கள், சாமணம், கைப் பம்ப் ஆகியவை இல்லாமல் நான் அந்தச் சாலையில் ஏறுவதில்லை. திட்டத்தில் பஞ்சருக்கென்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.

மாதத்தைப் பொறுத்து என் பரிந்துரை மாறும். தை, மாசியில், வடகிழக்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், திருவண்ணாமலையிலிருந்து மேற்கே திரும்பும் வழியில் அந்தக் காற்று முதுகுக்கு வந்துவிடுகிறது, வெயிலும் தாங்கும். அப்போது அந்த 300 மீட்டர் ஏற்றம் பாதிச் சுமையாகவே தெரியும். அந்தப் பருவத்தில் திருவண்ணாமலைப் பயணம் உண்மையிலேயே இனிமையானது. லாரித் தொல்லையும் குறைவு. ஆனால் பௌர்ணமியையும் அதற்கு முந்திய நாளையும் தவிர்க்க வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் நுழைந்து வெளியேறவே ஒரு மணி நேரம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வழிகளும் மழையைப் பொறுத்தவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. வானிலை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் நெடுந்தொலைவுத் திட்டமே வேண்டாம். பங்குனி முதல் வைகாசி வரை தனியாக 200 போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தம்பி கேட்காவிட்டாலும் மற்றவர்கள் கேட்கக்கூடிய இரண்டு வழிகளை இரண்டு வரியில் ஒதுக்கிவிடுகிறேன். சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாயைக் கடக்க வேண்டும். விபத்துகளுக்குப் பெயர்போன அந்த இறக்கத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சென்று திரும்புவது 90 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நல்ல பயிற்சி; யானை நடமாடும் காட்டுப் பகுதி என்பதால் நன்றாக விடிந்தபின் மட்டும் போக வேண்டும்.

இனி எஞ்சியிருப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது என்ற தேர்வு. முதல் இரண்டு மணி நேரம் 25-இல் அழுத்தி, நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு தளரலாம் என்பது ஒரு முறை. முன்னே காட்டிய கணக்கின்படி, அந்த இரண்டு மணி நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பைக் கொடுத்து, 22-இல் போனவரைவிட 6 கிலோமீட்டர் மட்டுமே முன்னால் இருப்போம். பிற்பகலில் வேகம் 16-க்குச் சரிந்தால் அந்த ஆதாயம் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். நாள் முழுவதும் ஒரே வேகத்தைப் பிடிப்பது இன்னொரு முறை. ஏற்றமும் காற்றும் உள்ள நம் சாலையில் அதுவும் நடைமுறைக்கு ஒத்துவராது. வேகம் எப்படியும் மாறட்டும், உழைப்பை ஒரே அளவில் வைத்துக்கொள் என்பதே நான் பின்பற்றுவது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற மூச்சு இருக்க வேண்டும். ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைத்துவிட்டு, 11 என்று காட்டினாலும் காட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டில் தவறினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ஆகவே மணிக்கு இரண்டு பழம், அல்லது ஒரு பழமும் கடலை மிட்டாயும். பசித்தபின் சாப்பிடுவது காலம் கடந்த செயல். நம் ஊர் ராகிக் களி நல்ல உணவுதான், ஆனால் அதை முந்தின நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தின் நடுவே வயிறு கனத்துவிடும். காலையில் இட்லி, நண்பகலில் கொஞ்சம் தயிர்ச் சோறும் உப்பும் எனக்கு ஒத்துவருகின்றன. தண்ணீரோடு உப்பு சர்க்கரைக் கரைசலும் போக வேண்டும். வெறும் தண்ணீரையே நாள் முழுவதும் குடித்துக்கொண்டிருப்பது தலைச்சுற்றலில் கொண்டுபோய் விடலாம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, தம்பிக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: முதல் 200 ஓசூர்ச் சுற்றாக இருக்கட்டும், ராயக்கோட்டை வழியாக ஏறிக் கிருஷ்ணகிரி வழியாக இறங்கட்டும், திருவண்ணாமலையை வருகிற தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ஓடும் சராசரியை 20 என்றும், மொத்தச் சராசரியை 17 என்றும் திட்டமிடட்டும். செயலியின் சராசரிக் கட்டத்தை ஓசூர் வரை திரையிலிருந்து எடுத்துவிடட்டும்.

அவர் அன்றே ஒரு துண்டுத் தாளில் நேரங்களை எழுதிக்கொண்டார். தருமபுரி நான்கு ரோட்டில் புறப்பாடு காலை 4:45, முன்னும் பின்னும் விளக்கோடு. பாலக்கோடு 6:05, நிற்காமல். ராயக்கோட்டை 7:45, அங்கே 25 நிமிடம் டிபன். ஓசூர் 10:15, 35 நிமிடம் ஓய்வு. கிருஷ்ணகிரி பிற்பகல் 12:55, 25 நிமிடம். தருமபுரி 3:30. அதியமான்கோட்டை சென்று திரும்பும்போது 4:15. பஞ்சருக்கான அரை மணி நேரத்தை எங்கே எழுதுவது என்று கேட்டார். தாளின் அடியில், தனியாக எழுதி வைக்கச் சொன்னேன். அதைச் சேர்த்தாலும் மணி ஐந்தைத் தொடாது, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். தாளை மடித்து, வியர்வை படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பிடிக் குழாயில் டேப் சுற்றி ஒட்டிக்கொண்டு போனார்.